வெயில் ஃப்ரீ, போல்ட் எக்ஸ்ட்ரா

மொட்டை மாடியைப் போல இத்தனை டிபார்ட்மெண்ட்டுகளை ஒரே ஆளாகக் கவனிக்கிற இடம் நம் வீடுகளில் வேறு கிடையாது. காலையில் துணி காயும். மத்தியானம் வடாம் காயும். சாயங்காலம் பையன்கள் பந்து அடிப்பார்கள். ராத்திரி கரண்ட் போனால் குடும்பமே பாயைச் சுருட்டிக்கொண்டு மேலே வந்துவிடும். பரீட்சைக்குப் படிப்பது, திருட்டு தம் அடிப்பது, எதிர் மாடியைப் பார்ப்பது போன்ற உபரி சேவைகளும் உண்டு. எதற்கும் வாடகை கிடையாது.

இந்த மாடிக்கு இப்போது ஒரு குடித்தனக்காரர் வருகிறார். பெயர் ஸோலார் பேனல். 25 வருஷம் இருப்பேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் ஏறுகிறார். வாடகையை யூனிட்டாகத் தருகிறார். சத்தம் போடமாட்டார். விருந்தாளி வரமாட்டார்கள் (காக்கா தவிர). இப்படி ஒரு குடித்தனக்காரர் கிடைத்தால் எந்த ஹவுஸ் ஓனர்தான் விடுவார்?

2024 பிப்ரவரியில் மத்திய அரசு 'பி.எம். சூர்ய கர்' என்று ஒரு திட்டத்தை ஆரம்பித்தது. ஒரு கோடி வீடுகளின் கூரையில் இவரைக் குடிவைப்பது இலக்கு. 3 கிலோவாட் போட்டால் 78,000 ரூபாய் மானியம் என்றார்கள். அன்றிலிருந்து ஆபீஸ் டீ டைமில் கிரிக்கெட், ஷேர் மார்க்கெட்டுக்கு அடுத்த சப்ஜெக்ட் இதுதான். எத்தனை கிலோவாட், மானியம் வந்துவிட்டதா, போட்ட பணம் எத்தனை வருஷத்தில் திரும்பும்... எல்லாவற்றுக்கும் பதில் ரெடியாக வைத்திருக்கிறார்கள். "சரி ஸார், பேனலை மாடியில் எதன் மேல், எப்படி நிறுத்தியிருக்கிறார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள்.

"அதெல்லாம் அவங்களே பாத்துக்கிட்டாங்க!"

சூரியன் இலவசம். பேனல் ஃபாக்டரியில் செய்து, டெஸ்ட் பண்ணி, பெட்டியில் வருகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற நாலு இரும்புக் கால்களும், பத்திருபது போல்ட்டுகளும்தான் உங்கள் வீட்டில், உங்கள் தலைக்கு மேலே, யாரோ ஒருவர் அரை நாளில் செய்துவிட்டுப் போவது. தகராறு வந்தால் பெரும்பாலும் அங்கேதான் வருகிறது.

நான் படித்தது பி.காம். ஓம்ஸ் லா தெரியாது, தேய்மானம் தெரியும். தாம்பரம் தாண்டி இருக்கிற என் மாமனார் வீட்டில் ஸோலார் போடுவது என்று தீர்மானமானதும், வந்த கொட்டேஷன்களைப் பார்க்க என்னைக் கூப்பிட்டார்கள்.

"கணக்குல நீங்க புலி மாப்பிள்ளை. எது லாபம்னு நீங்களே சொல்லுங்க" என்றார் மாமனார்.

மாமனார் நம்மைப் புலி என்றால் ஏதோ செலவு வருகிறது என்று அர்த்தம். இருந்தாலும் உட்கார்ந்தேன். மொத்தம் மூன்று கொட்டேஷன். மூன்றிலும் பேனல் ஒரே மாதிரி. இன்வெர்ட்டரும் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் முதலுக்கும் கடைசிக்கும் 40,000 ரூபாய் வித்தியாசம். எங்கே என்று தேடினால், மலிவான கொட்டேஷனில் 'ஸ்ட்ரக்சர் - இன்க்ளூடட்' என்று ஒரே ஒரு வரி. அதிக விலைக்காரர் அதற்கு மட்டும் படம் போட்டு ஒரு முழுப் பக்கம் கொடுத்திருந்தார். பைப் எத்தனை மில்லிமீட்டர் கனம், முலாம் என்ன, போல்ட் என்ன ரகம், கால் எங்கே நிற்கும் என்று சகலமும்.

அந்த ஒரு வரிக்கும் ஒரு பக்கத்துக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று இரண்டு மாதம் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் கீழே சொல்லப் போகிறேன்.

* * *

முதலில் ஆசாமியின் ஆகிருதி. இப்போது சாதாரணமாகப் போடுகிற 540 வாட் பேனல் ஒன்று ஏழரை அடி நீளம், மூணே முக்கால் அடி அகலம், ஏறக்குறைய 28 கிலோ. வீட்டு வாசற்கதவைக் கழற்றிப் படுக்க வைத்தால் எப்படியிருக்கும், அதைவிடக் கொஞ்சம் பெரிசு. 3 கிலோவாட் என்றால் இப்படி ஆறு கதவு. ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி நிழல் விழாத இடம் வேண்டும் என்பது பொதுக் கணக்கு. நாளைக்கு சுமார் 4 யூனிட் தரும். ஆக 3 கிலோவாட்டுக்கு 300 சதுர அடி, 12 யூனிட். இரண்டு மாத பில்லுக்கு 700 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே.

தரையில் வைப்பதாக இருந்தால் இதில் கஷ்டமே இல்லை. ராமநாதபுரம் கமுதியில் 2016-ல் 648 மெகாவாட்டுக்குப் போட்டார்கள். சுமார் 2,500 ஏக்கர். அங்கே தண்ணீர் டாங்க் இல்லை, டிஷ் ஆன்டெனா இல்லை, கொடிக் கயிறு இல்லை, பக்கத்து வீட்டுத் தென்னை மரம் இல்லை. உங்கள் மாடியில் இத்தனையும் இருக்கிறது. கூடவே மாமியாரும் இருக்கிறார்.

* * *

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள். நிழலின் கொடுமை பேனலில் தெரியும்.

கோயில் திருவிழாவில் சீரியல் செட் போடுவார்களே, பார்த்திருப்பீர்கள். பழைய ரகத்தில் ஒரு பல்பு போனால் அந்த வரிசையே அவுட். பேனலுக்குள்ளும் அதே சீரியல் சமாசாரம்தான். ஒரு ஓரத்தில் டாங்க்கின் நிழல் விழுந்தால் 'ஓரம்தானே' என்று விடமுடியாது. நிழலில் இருக்கிற செல், வெயிலில் இருக்கிற செல்லுக்கு வழியை அடைத்துக்கொண்டு நிற்கும். இதற்காகவே பேனலுக்குப் பின்னால் டயோடு வைத்து மாற்றுப்பாதை போட்டிருக்கிறார்கள். வழக்கமாக ஒரு பேனலுக்கு மூன்று. அப்படியும் கையகல நிழலுக்கு அந்தப் பேனலில் மூன்றில் ஒரு பங்கு கரண்ட் காலியாகலாம். தினமும் ஒரே இடத்தில் நிழல் விழுந்தால் அந்த செல் சூடாகிக் கருகவும் கூடும்.

இதில் ஒரு வேடிக்கை கேளுங்கள். மே மாதம் மத்தியானம் 12 மணிக்கு இடம் பார்க்க ஒருவர் வருவார். மாடியில் ஏறுவார். சுற்றிலும் பார்ப்பார். "நிழலே இல்ல ஸார், சூப்பர் லொகேஷன்!" என்பார். பொய் சொல்லவில்லை. சென்னையில் ஏப்ரல் கடைசியில் ஒரு தடவையும் ஆகஸ்ட் நடுவில் ஒரு தடவையும் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. நடுவில் வருகிற மே மாதம் முழுக்க உச்சிக்குப் பக்கத்திலேயே திரிகிறது. அப்போது எல்லாப் பொருளும் தன் நிழலைக் காலடியில் சுருட்டி வைத்துக்கொள்ளும். மூட்டைப்பூச்சி பகலில் ஒளிந்துகொள்கிற மாதிரி.

டிசம்பரில் பாருங்கள். சூரியன் தெற்கே நன்றாகச் சாய்ந்துவிடும். உச்சி வேளையிலேயே எந்தப் பொருளுக்கும் அதன் உயரத்தில் முக்கால் பங்கு நிழல் வடக்கே விழும். காலை 9 மணிக்கு ஒன்றரை மடங்கு. 4 அடி டாங்க்குக்கு 6 அடி நிழல். மே மாதம் 'சூப்பர் லொகேஷன்' என்றவரை டிசம்பரில் போன் பண்ணினால், சுவிட்ச்டு ஆஃப்.

அதனால், எந்த மாசம் இடம் பார்க்க வந்தாலும் டிசம்பர் நிழலைக் கணக்குப் போடச் சொல்லுங்கள். சூரியன் போகிற பாதையை மாசவாரியாகக் காட்டுகிற ஆப் எல்லாம் போனிலேயே இருக்கிறது. பேனலுக்குத் தெற்கே என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம். மாமனார் வீட்டில் தெற்கே பக்கத்து வீட்டுத் தென்னை. தேங்காய் அவர்களுக்கு, நிழல் நமக்கு என்கிற நெடுநாள் ஒப்பந்தம். ஆறு பேனலையும் நாலடி வடகிழக்கே தள்ளியதில் பிரச்னை தீர்ந்தது. தேங்காய் விழுந்தாலும் கண்ணாடிக்கு எட்டாது.

தெற்கே காலி மனை இருந்தால்? அங்கே இரண்டு மாடி எழும்பினால் உங்கள் யூனிட்டில் பாதி அவர்கள் சுவரோடு போய்விடும். 'என் வெயிலை மறைக்கிறாய்' என்று கேட்க முடியாது. அந்தப் பக்கத்தை நம்பித் திட்டம் போடாமல், உள்ளே தள்ளி வைப்பதுதான் புத்திசாலித்தனம்.

* * *

அடுத்தது கால். ஸ்டாண்டை எவ்வளவு உயரத்தில் போடுவது என்பதில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குருக்ஷேத்திரம் நடக்கிறது.

ஒன்றரை அடி உயரத்தில் போட்டால் செலவு கம்மி, காற்றுக்கும் பயம் கம்மி. ஆனால் 300 சதுர அடி மாடி பட்டா மாறிவிடும். வடாம் போட முடியாது, துணி உலர்த்த முடியாது. எட்டடி உயரத்தில் பந்தல் மாதிரி போட்டால் கீழே நிழலும் கிடைக்கும், நடமாடலாம். படம் போட்டுக் கொடுத்த கம்பெனியிலிருந்து வந்திருந்த எஞ்ஜினீயர் பையனிடம் என் மாமியார் கேட்டார்.

"ஏம்ப்பா, அதுக்குக் கீழ நான் நிமிர்ந்து நடக்கலாமா?"

"தாராளமா நடக்கலாம்மா. காத்தும் நடக்கும்."

அந்தப் பையன் மேல் எனக்கு மரியாதை வந்தது அந்த இடத்தில்தான்.

காற்று என்றால் சாயங்காலம் கடலோரம் வருகிற தென்றல் இல்லை. 2016 டிசம்பர் 12-ம் தேதி சென்னைக்குள் வந்த வர்தா புயலைப் பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30-ல் கடலூரில் தானே, 2018 நவம்பர் 16-ல் டெல்டாவில் கஜா. கட்டடங்களுக்குக் காற்று வேகம் கணக்கிட இந்தியத் தர நிர்ணயம் சென்னைக்கு வைத்திருக்கிற அடிப்படை எண், நொடிக்கு 50 மீட்டர். அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். அந்த வேகத்தில் காற்று ஒரு சதுர மீட்டரை அறைந்தால் சுமார் 150 கிலோ அழுத்தம். ஒரு பேனல் இரண்டரை சதுர மீட்டருக்கு மேல். ஆக, 28 கிலோ ஆசாமியை 370, 380 கிலோ பலத்தோடு பிடுங்கப் பார்க்கிறது. இப்படி ஆறு பேர்.

இன்னொன்று. நாம் பேனலைத் தெற்குப் பார்த்துச் சாய்க்கிறோம். அப்படியானால் முதுகு வடக்கே. வங்கக் கடலில் உருவாகிற புயல் சென்னைக் கரையை நெருங்கும்போது காற்று முதலில் வடக்கிலிருந்துதான் அடிக்கும். அது நேராகப் பேனலின் முதுகுக்கடியில் புகுந்து குடையைத் திருப்புகிற மாதிரி தூக்கும். கூரையின் விளிம்பில் இந்தத் தூக்கல் அதிகம். கைப்பிடிச் சுவரை ஒட்டிப் பேனல் வைக்காதீர்கள், நாலு பக்கமும் இரண்டு மூன்றடி விடுங்கள் என்று சொல்வது அதற்காகத்தான். பேனலைக் கழுவவும் அந்த இடம் வேண்டும்.

சாய்வும் அதிகம் வேண்டாம். சென்னை இருப்பது 13-ம் அட்சரேகையில். அதே 13 டிகிரி சாய்வு போதுமானது. வடக்கத்தி டேபிளைப் பார்த்து 25 டிகிரிக்குத் தூக்கி நிறுத்தினால் கரண்ட் ஏறாது. காற்றுக்குப் பாய்மரம் கட்டிக் கொடுத்ததாகும். 10 டிகிரிக்குக் கீழே படுக்க வைத்தாலும் தொல்லை. மழைத் தண்ணீர் கீழ் விளிம்பில் தேங்கி, புழுதியோடு சேர்ந்து கறை கட்டிக்கொள்ளும்.

பேனலை மாடித் தரையோடு ஒட்டி வைத்தால் காற்றுப் பிரச்னையே இல்லையே என்று கேட்கலாம். சூடு இருக்கிறது. பேனலின் வாட் கணக்கு, செல் 25 டிகிரியில் இருக்கும்போது எடுத்தது. நம் மாடியில் மத்தியானம் செல் 60 டிகிரியைத் தாண்டும். 25-க்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.35 சதவிகிதம் போலக் குறையும். கூட்டிப் பார்த்தால் 12 சதவிகிதத்துக்கு மேல் அம்பேல். பேனலுக்குக் கீழே காற்று ஓடினால் கொஞ்சம் மிச்சமாகும். ஆக, இவருக்கு வெயில் வேண்டும், சூடு ஆகாது. கால் வேண்டும், உயரமும் ஆகாது. வரன் பார்க்கிற மாதிரிதான், நடுவில் எங்கேயோ முடிக்கவேண்டும்.

மாமனார் வீட்டில் மூன்றரை அடியில் முடிந்தது. எட்டடிப் பந்தலில் ஏறி அதை வாராவாரம் யார் கழுவுவது என்று எஞ்ஜினீயர் பையன் கேட்டதும் எல்லோரும் மாமனாரைப் பார்த்தோம். அவருக்கு 68 வயது. அத்தோடு மாமியாரே பந்தல் கோரிக்கையை வாபஸ் வாங்கிவிட்டார். வடாமுக்கு மாடியின் மேற்குப் பாதி ஒதுக்கப்பட்டது.

* * *

இப்போது ஓட்டை.

"தலைல ஓட்டை போடறேங்கறான் மாப்பிள்ளை" என்று மாமனார் சொன்னபோது அவர் குரல் கம்மியது. நியாயம்தான். பி.எஃப். லோன் போட்டு, ஒவ்வொரு செங்கலுக்கும் பில் வைத்துக் கட்டிய வீடு.

நம் மாடியின் அமைப்பு இதுதான். கீழே நாலரை, ஐந்து அங்குல கான்க்ரீட் தளம். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடித்த ஒரு படை. அதற்கு மேல் தட்டோடு. மழைத் தண்ணீர் உள்ளே இறங்காமல் காப்பது மேலே இருக்கிற இந்த இரண்டும்தான். ஸ்டாண்டுக் காலை நிறுத்த அவசரக்காரர் என்ன செய்வார்? தட்டோட்டில் துளை போட்டு, ஜல்லிப் படையோடு நின்று, போல்ட்டை முடுக்கிவிட்டுப் போய்விடுவார். அது ரவா லாடுவில் ஆணி அடித்த மாதிரி. பிடிப்பும் கிடையாது, தண்ணீருக்கு வழியும் திறந்துவிட்டாயிற்று. அடுத்த ஐப்பசியில் ஹால் சீலிங்கில் இந்தியா மேப் தெரியும்.

சரியான வழிகள் இரண்டு. ஒன்று, போல்ட் கான்க்ரீட் வரைக்கும் இறங்கி அதைப் பிடிக்கவேண்டும். துளையில் கெமிக்கல் பசை ஊற்றி நிறுத்தி, சுற்றிலும் சின்னக் கான்க்ரீட் திண்ணை கட்டி, வாட்டர்ப்ரூஃப் பூச்சு கொடுக்கவேண்டும். கால்கள் கூடுமானவரை பீம் போகிற வரிசையில் நின்றால் உத்தமம். இரண்டாவது, துளையே போடாமல் கான்க்ரீட் கட்டைகளை வைத்துப் பாரத்தால் அமுக்குவது. ஓரடி நீளம், அகலம், உயரத்தில் ஒரு கட்டை செய்தால் 68 கிலோ. தாழ்வான ஸ்டாண்டுக்கு, எத்தனை கட்டை என்று எஞ்ஜினீயர் கணக்குப் போட்டுச் சொன்னால் இது சரிப்படும். உயரமான பந்தலுக்குக் கட்டை மட்டும் வைத்துவிட்டு, புயலன்று 'முருகா' என்று உட்காருவது சரிப்படாது.

பழைய மெட்ராஸ் டெரஸ் வீடாக இருந்தால் நின்று யோசியுங்கள். மரச்சட்டத்தின் மேல் செங்கல்லை நிறுத்தி அடுக்கிய கூரை அது. அங்கே கான்க்ரீட் தளமே கிடையாது. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்றால் அதன்மேல் காலே வைக்கக்கூடாது, உடைந்து ஆளோடு உள்ளே போகும். இரண்டுக்கும் முதலில் கட்டட எஞ்ஜினீயர், அப்புறம்தான் ஸோலார்காரர்.

எந்த வழியானாலும் ஒன்று செய்யுங்கள். மாடியில் ஒழுகல், விரிசல் இருந்தால் பேனல் வருமுன் சரி பண்ணிவிடுங்கள். பேனலுக்கு ஆயுசு 25 வருஷம். நம் மாடிப் பூச்சுக்கு அத்தனை ஆயுசு கிடையாது. நடுவில் ஒரு தடவை பழுது பார்க்க வேண்டி வந்தால் ஆறு கதவையும் கழற்றி, இறக்கி, திரும்ப ஏற்றவேண்டும். அந்தக் கூலிக்கு மானியம் கிடையாது.

இது நமக்கு மட்டும் வந்த சோதனை என்று நினைக்கவேண்டாம். அமெரிக்காவில் ஜிம்மி கார்ட்டர் ஜனாதிபதியாக இருந்தபோது, 1979-ல், வெள்ளை மாளிகைக் கூரையில் 32 ஸோலார் பேனல்கள் வைத்தார். கரண்ட் தருகிறவை அல்ல, தண்ணீர் சுடவைக்கிறவை. 1986-ல், ரீகன் காலத்தில், கூரை ரிப்பேருக்காக அவற்றைக் கழற்றினார்கள். திரும்ப மாட்டவேயில்லை! வெள்ளை மாளிகையிலேயே 'அப்புறம் மாட்டிக்கலாம்' என்று வைத்தது வைத்தபடி போயிருக்கிறது. நம் வீட்டில் கேட்கவேண்டுமா?

* * *

துருவைப் பற்றி இரண்டு வரி. கடலிலிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் இருந்தால் உப்புக் காற்று உங்கள் ஸ்டாண்டைத் தின்னத் தொடங்கும். உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த ஜி.ஐ. இரும்புதான் தாங்கும். வெள்ளி பெயிண்ட் அடித்த சாதா இரும்பு வாங்கும்போது அதே மாதிரிதான் பளபளக்கும்; மூன்று மழையில் சாயம் வெளுத்துவிடும். நல்ல பைப்பாகவே இருந்தாலும் மாடியில் வந்து வெட்டி, வெல்டிங் வைத்தால் அந்த இடத்தில் முலாம் எரிந்துபோகும். அங்கே துத்தநாகப் பூச்சு அடிக்கச் சொல்லுங்கள். நட்டு போல்ட் எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். பத்து ரூபாய் போல்ட்டில் மிச்சம் பிடித்து இரண்டு லட்ச ரூபாய் சாமானை நிறுத்துவது, எங்கள் பி.காம். சிலபஸில் எந்தப் பேப்பரிலும் லாபக் கணக்கில் வராது.

* * *

நான் மிகவும் யோசித்த விஷயம் இனிமேல்தான் வருகிறது.

வேலை நடந்த அன்று நாலு பேர் வந்தார்கள். எல்லாருக்கும் இருபது, இருபத்திரண்டு வயசு. 28 கிலோ கண்ணாடிக் கதவைக் குறுகலான மாடிப்படியில் திருப்ப முடியாது என்று, வெளியே கயிறு கட்டி மேலே இழுத்தார்கள். மேலே நின்றவன் கைப்பிடிச் சுவரின் மேல் ஏறி நின்று வாங்கினான். காலில் ரப்பர் செருப்பு. கீழே இருபத்தைந்தடி.

"தம்பி, பெல்ட் கிடையாதா?"

"இருக்கு ஸார். வண்டில இருக்கு."

வண்டி தெருவில் பத்திரமாக நின்றது.

பேனலைக் கையில் பிடித்திருக்கும்போது ஒரு காற்று அடித்தால் அதுவே பட்டம் மாதிரி ஆளை இழுக்கும். இன்னொரு ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. வீட்டு கரண்டை மெயினை அணைத்துவிட்டு ரிப்பேர் பார்க்கலாம். வெயிலுக்கு மெயின் ஸ்விட்ச் கிடையாது. வெளிச்சம் பட்டதும் பேனல் வேலையை ஆரம்பித்துவிடும். ஆறு பேனலைத் தொடராக இணைத்தால் முனையில் கிட்டத்தட்ட 300 வோல்ட். அதுவும் டி.சி. ஓடுகிற இணைப்பைப் பிடுங்கினால் தீப்பொறி நீண்டு நிற்கும், சட்டென்று அணையாது. லூஸாக மாட்டிய ஒரு இணைப்பு பின்னாளில் புகைவதும் இதனால்தான். எர்த்தும் இடிதாங்கியும் தனித்தனியாக ஒழுங்காக இருக்கவேண்டும் என்பதும் சும்மா இல்லை.

மாமனார் ஒரு காரியம் செய்தார். "பெல்ட் மேல வர்ற வரைக்கும் வேலை வேணாம் தம்பி. டீ சாப்பிடுங்க" என்று நாற்காலியைப் போட்டு மாடிப்படி வாசலில் உட்கார்ந்துவிட்டார். சூபர்வைசர், 'லேட்டாகும் ஸார்' என்றார். "ஆகட்டும். எனக்கு ரிடையர் ஆகி பத்து வருஷம் ஆச்சு. எங்கயும் போகவேண்டியதில்லை." பெல்ட் வந்தது. அரை மணி தாமதம். அந்த அரை மணிக்கு எந்தக் கொட்டேஷனிலும் ரேட் போடவில்லை. நீங்களும் இதற்கு வெட்கப்படாதீர்கள். உங்கள் கூரை, அதிலிருந்து ஒரு பிள்ளை விழுந்தால் அப்புறம் எத்தனை யூனிட் வந்து என்ன?

* * *

எல்லாம் முடிந்து மீட்டரும் மாற்றிய பிறகு, ஒரு மத்தியானம் ஊருக்கே கரண்ட் போனது. மாமனார் கம்பீரமாக ஃபேன் ஸ்விட்சைப் போட்டார். சுற்றவில்லை. மேலே வெயில் கொளுத்துகிறது, கீழே விசிறி!

பழுதில்லை. பேட்டரி இல்லாத, லைனோடு இணைந்த ஸோலார், லைன் செத்தால் தானும் நின்றுவிடும்படிதான் செய்திருக்கிறார்கள். இல்லாவிட்டால் 'லைன் ஆஃப்' என்று நம்பி கம்பத்தில் ஏறுகிற லைன்மேனுக்கு உங்கள் மாடியிலிருந்து ஷாக் போகும். பவர் கட்டிலும் ஃபேன் சுற்றவேண்டுமென்றால் பேட்டரி வைக்கிற ரகம் வாங்கவேண்டும், அது தனிச் செலவு. இதைக் காசு வாங்குமுன் சொல்கிறவர் நல்லவர்.

* * *

இடம் பார்க்க வருகிறவரிடம் கேட்க, ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொள்ளுங்கள்:

ஒன்று, டிசம்பர் மாசம் காலை 9 மணிக்கு எங்கெங்கே நிழல் விழும்? இரண்டு, 180 கிலோமீட்டர் காற்றுக்கு ஸ்டாண்டைக் கணக்குப் போட்டது யார், காகிதம் எங்கே? மூன்று, போல்ட் எது வரைக்கும் இறங்குகிறது, ஒழுகினால் யார் பொறுப்பு? எழுத்தில் வேண்டும். நான்கு, இரும்பு என்ன ரகம், போல்ட் என்ன ரகம்? ஐந்து, உங்கள் ஆட்களுக்கு பெல்ட் உண்டா, இடுப்பிலா, வண்டியிலா?

ஐந்துக்கும் பதில் வந்தால் உள்ளே கூப்பிட்டு ஃபில்டர் காபி கொடுத்து அட்வான்ஸைப் பற்றிப் பேசுங்கள். "அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம் ஸார்" என்று சொன்னால் அதற்கும் காபி கொடுக்கலாம், தப்பில்லை.

அட்வான்ஸ் மட்டும் கொடுக்காதீர்கள்.